புது லேப்டாப் கேட்பதற்கு முன், ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுங்க



உங்க வீட்டிலும் ஒன்று இருக்கும். ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் துண்டு போட்டு மூடி வெச்ச டெஸ்க்டாப். இல்லைன்னா, 2011-ல் ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ப்ளஸ் டூ படிக்கும்போது கிடைச்ச லேப்டாப். ஆன் பண்ணிட்டுப் போய் டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். "இது அவ்ளோதான், புதுசு வாங்கணும்"னு வீட்டில் எப்பவோ தீர்ப்பு சொல்லியாச்சு. காசு வரும்போது வாங்கலாம்னு காத்திருக்காங்க.

என் கருத்து இதுதான்: பெரும்பாலான வீடுகளில் அந்தக் கம்ப்யூட்டர் சாகவில்லை. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். திறந்து பார்க்க வேண்டிய ஆள் நாம.

யோசிச்சுப் பாருங்க. சி.எஸ்.இ. பசங்க ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பேஜிங், த்ராஷிங் எல்லாம் எழுதி மார்க் வாங்குறோம். மெக்கானிக்கல்ல ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர் இருக்கு. ட்ரிபிள்-இ பசங்களுக்கு எர்த்திங் தெரியும். ஆனா வீட்டுக் கம்ப்யூட்டர் ஹேங் ஆனா நாமளே "அப்பா, கடையில குடுத்துப் பாருங்க"ன்னு சொல்றோம். ஒரு புது லேப்டாப் பல வீடுகளில் ஒரு செமஸ்டர் ஃபீஸுக்குச் சமம். அந்தக் காசைக் கேட்பதற்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதுக்காகச் செலவு பண்ணணும்ங்கிறதுதான் என் வாதம்.

முதல்ல அளக்கணும், அப்புறம்தான் செலவு

"ஸ்லோவா இருக்கு" என்பது நோய் இல்லை, அறிகுறி. காய்ச்சல் மாதிரி. காரணம் தெரியாம ரேம் வாங்கிப் போடுறது, டெஸ்ட் எடுக்காம ஆன்டிபயாட்டிக் போடுற மாதிரி.

விண்டோஸ்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வெச்சுட்டு, எந்த வேலை செய்யும்போது தடுமாறுதோ அதே வேலையைச் செய்ங்க. நாலு விஷயத்தை மட்டும் கவனிங்க.

ஒன்று, டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிக்குதா? அப்போ உங்க பிரச்னை ஹார்டு டிஸ்க். இரண்டு, மெமரி 90-ஐத் தாண்டுதா? ரேம் பத்தலை. மூன்று, ரெண்டும் சும்மா இருக்க, சி.பி.யூ. மட்டும் 100-ல் நிக்குதா? எந்த ப்ரோகிராம் அதைத் தின்னுதுன்னு ப்ராசஸ் பக்கத்தில் பேரோடு தெரியும். நான்கு, ஆன் பண்ணினதும் நல்லா ஓடி, அரை மணி நேரம் கழிச்சு நொண்டுதா? சி.பி.யூ. ஸ்பீடு 2.5 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 1-க்குக் கீழே இறங்குதா? அது பெரும்பாலும் சூடு.

இதுக்குப் பத்து நிமிஷம், பத்துப் பைசா செலவில்லை. அப்படியே ஸ்டார்ட்அப் பக்கத்துக்கும் போங்க. ஆன் ஆகும்போதே கூடவே எழுந்திருக்கிற ப்ரோகிராம் எல்லாம் வரிசையா இருக்கும். எப்பவோ வித்துட்ட பிரிண்டரோட அப்டேட்டர், ஒரு தடவை மீட்டிங்குக்கு இன்ஸ்டால் பண்ணின ஆப், மூணு கேம் லான்ச்சர். வேண்டாததை டிஸேபிள் பண்ணுங்க. சில வீடுகளில் பாதி வைத்தியம் இதிலேயே முடிஞ்சிடும்.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி பேக்கப்

இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். அந்த டிஸ்க்குக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. தாத்தா உயிரோட இருந்தப்போ எடுத்த போட்டோ, அப்பாவோட கடைக் கணக்கு, அக்கா கல்யாண வீடியோ, ஸ்கேன் பண்ணின பத்திரம். போன டிஸ்க்கை மாத்தலாம், போன போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

விதி சிம்பிள்: மூணு காப்பி, ரெண்டு வகையான இடம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டர்ல ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் மாதிரி ஏதாவது ஒன்றில் இன்னொன்று. காப்பி எடுத்தாச்சுன்னா நாலு ஃபைலைத் திறந்து பாருங்க. திறக்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

கூடவே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கோட ஆரோக்கியத்தைப் பாருங்க. 'ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்' எண்ணிக்கை பூஜ்யத்தை விட்டு ஏறிக்கிட்டே போனா, டிஸ்க் நாள் எண்ணிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இந்தப் பத்தியைப் படிச்சு முடிச்சதும் காப்பி எடுக்க ஆரம்பிங்க.

புது லேப்டாப்பா இருந்தா இன்னொரு விஷயம். டிஸ்க் பிட்லாக்கரில் என்க்ரிப்ட் ஆகியிருக்கலாம். கழட்டுறதுக்கு முன்னாடி ரெக்கவரி கீயைத் தனியா எழுதி வெச்சுக்கோங்க.

காசு போடணும்னா முதல் காசு எஸ்.எஸ்.டி.க்கு

உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் சுத்துற ஹார்டு டிஸ்க் இருந்தா, வேற எதைப் பத்தியும் யோசிக்காதீங்க. ஏன்னு கணக்கு போட்டே பாத்துடலாம்.

லேப்டாப் ஹார்டு டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 சுத்து சுத்தும். ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய டேட்டா தலைக்குக் கீழே வர, சராசரியா அரைச் சுத்து, அதாவது 5.5 மில்லிசெகண்ட் காத்திருக்கணும். அதுக்கு முன்னாடி தலை சரியான ட்ராக்குக்கு நகர இன்னொரு 10 மில்லிசெகண்ட் போல ஆகும். ஆக, ஒரு சின்ன ஃபைலைப் படிக்க 15 மில்லிசெகண்ட். விநாடிக்கு 60, 70 ஃபைல்தான். விண்டோஸ் பூட் ஆகும்போது இந்த மாதிரி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கணும். எஸ்.எஸ்.டி.யில் சுத்துறதும் இல்லை, நகர்றதும் இல்லை. அதே படிப்புக்கு சுமார் 0.1 மில்லிசெகண்ட். வித்தியாசம் நூறு மடங்குக்கு மேல. அதனாலதான் பத்து வருஷப் பழைய ப்ராசஸரில்கூட எஸ்.எஸ்.டி. போட்டதும் வீட்டில் இருக்கிறவங்க "என்னடா பண்ணின?"ன்னு கேக்கிறாங்க.

வாங்கப் போறதுக்கு முன்னாடி உங்க மெஷின்ல என்ன இடம் இருக்குன்னு பாருங்க. பழைய லேப்டாப், டெஸ்க்டாப்னா 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். எம்.2 ஸ்லாட் இருந்தா கவனமா இருக்கணும். எம்.2 என்பது வடிவத்தோட பேர் மட்டும்தான். அதுக்குள்ள சாட்டா, என்.வி.எம்.இ. என ரெண்டு ஜாதி உண்டு. ஒன்றுக்கான ஸ்லாட்டில் இன்னொன்று வேலை செய்யாமப் போகலாம். மாடல் நம்பரைப் போட்டு சர்வீஸ் மேனுவலைத் தேடிப் படிச்சிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனா, கடைக்காரர் சொல்றதை எல்லாம் நம்ப வேண்டிய நிலைமை வராது.

பழைய ஹார்டு டிஸ்க் ஆரோக்கியமா இருந்தா தூக்கிப் போடாதீங்க. ஒரு யு.எஸ்.பி. கேஸ் வாங்கி அதில் போட்டா, அதுவே உங்க எக்ஸ்டர்னல் பேக்கப்.

அடுத்தது ரேம்

4 ஜிபி ரேமில் இன்னிக்கு க்ரோமும் ஒரு மீட்டிங்கும் சேர்ந்து ஓடுறது கஷ்டம். 8 ஜிபி இருந்தா வீட்டு வேலைக்குப் போதும். ரேம் விலை வருஷத்துக்கு வருஷம் பயங்கரமா ஏறி இறங்கும். அதனால வாங்குற அன்னிக்கு நாலு இடத்தில் விசாரிங்க.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட் இருக்கு, எத்தனை காலின்னு போட்டிருக்கும். டி.டி.ஆர். 3, 4, 5 மூணுக்கும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும், ஒன்றில் இன்னொன்று உட்காராது. உட்காரலைன்னா அழுத்தாதீங்க, தப்பானதை வாங்கியிருக்கீங்க. ஆன்போர்டு கிராஃபிக்ஸ் இருந்தா ஒரே பெரிய ஸ்டிக்கை விட ரெண்டு ஒரே அளவு ஸ்டிக் நல்லது, டூயல் சேனல் கிடைக்கும். பழைய மெஷின்ல 32-பிட் விண்டோஸ் இருக்கான்னும் பாருங்க. இருந்தா, நீங்க எவ்வளவு போட்டாலும் அது 4 ஜிபிக்கு மேல பயன்படுத்தாது.

செலவே இல்லாத ஒரு வைத்தியமும் ரேமில் உண்டு. ஆன் பண்ணினா பீப் பீப்னு சத்தம் வருது, டிஸ்ப்ளே வரலை. பல நேரம் அது ரேமோட காண்டாக்ட் பிரச்னைதான். கரன்ட்டை எடுத்துட்டு, ரேமைக் கழட்டி, அந்தத் தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாத் தேய்ச்சு, தூசியைத் தட்டிட்டுத் திரும்பப் போடுங்க. எங்க ஜூனியர் ஒருத்தரோட வீட்டு டெஸ்க்டாப்புக்கு ஒரு கடையில் "போர்டு போச்சு, மாத்தணும்"னு சொல்லியிருந்தாங்க. ஹாஸ்டல் ரூமில் அஞ்சு ரூபா ரப்பரில் அது எழுந்து உட்கார்ந்தது. இன்னிக்கும் அவங்க அப்பா அதில்தான் பில் போடுறார்.

நம்ம ஊர் வெயிலும் தூசியும்

கம்ப்யூட்டர் மேனுவல்களில் சொல்ற ஏசி ரூம் நம்ம வீட்டில் இல்லை. மே மாசம் வேலூரிலோ திருச்சியிலோ வெளியே 40 டிகிரி. உள்ளே ஃபேன் காற்றுதான். சி.பி.யூ. சுமார் 95-100 டிகிரியைத் தொட்டா தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதைத்தான் நாம "பழசாயிடுச்சு"ன்னு சொல்றோம்.

டெஸ்க்டாப்பைச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க. லேப்டாப்பை மெத்தை மேல வைக்காதீங்க, அடியில் இருக்கிற காற்று வழியை மூடிடும். வருஷத்துக்கு ரெண்டு தடவை திறந்து தூசி எடுங்க. பெயின்ட் பிரஷும் சின்ன ப்ளோயரும் போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடிச்சுக்கோங்க. இல்லைன்னா அது தாறுமாறா சுத்தி பேரிங் போயிடும்.

மூணு நாலு வருஷம் ஆன மெஷின்னா தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கும். மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம்: காற்றோட வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.026. பேஸ்ட்டோடது அதைப் போல நூறு மடங்குக்கும் மேல. சி.பி.யூ.வுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத காற்று இடைவெளி இருந்தாலே சூடு அங்கேயே மாட்டிக்கும். பழசை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைச்சிட்டு, டெஸ்க்டாப்னா பட்டாணி அளவு, லேப்டாப்னா அரிசி அளவு வைங்க. தோசைக்கு நெய் ஊத்துற மாதிரி ஊத்த வேண்டாம்.

கரன்ட் விஷயத்தில் மட்டும் வீரம் வேண்டாம்

கேபினட்டைத் தொட்டா சுருக்னு இழுக்குதா? உங்க வீட்டு ப்ளக்கில் எர்த் இல்லை, அல்லது யாரோ மூணு பின்னுக்கு ரெண்டு பின் கன்வெர்ட்டர் மாட்டியிருக்காங்க. எஸ்.எம்.பி.எஸ். முகப்பில் இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த் இல்லாதபோது சப்ளையில் பாதி வோல்டேஜை பாடி மேல கொண்டு வந்து வைக்கும். கரன்ட் மிகக் குறைவுதான், ஆனா எர்த் இல்லைங்கிறதே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி பண்ணுங்க.

எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் ஏசி உள்ளே சுமார் 325 வோல்ட் டிசியா மாறி கெப்பாசிட்டரில் நிக்கும். ப்ளக்கை உருவின பிறகும் கொஞ்ச நேரம் நிக்கும். அதே மாதிரி, லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தா சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, அழுத்தி மூடாதீங்க. இந்த ரெண்டுக்கும் ஆள் கூப்பிடுறது கோழைத்தனம் இல்லை.

இதுக்கு நேர் எதிரா, ரொம்பச் சின்ன விஷயம் ஒன்று. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தேதி பழைய வருஷத்துக்குப் போயிடுதா? எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "கனெக்ஷன் பாதுகாப்பானது இல்லை"ன்னு சொல்லுதா? போர்டில் இருக்கிற சி.ஆர். 2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். தேதி தப்பா இருக்கிறதால வெப்சைட்டோட சான்றிதழ் செல்லாதுன்னு பிரவுசர் நினைக்குது. சாதாரண வாட்ச் கடையிலேயே அந்த செல் கிடைக்கும்.

செய்யக் கூடாதவை

"ஒரே கிளிக்கில் பி.சி. வேகம்" என்று வர்ற கிளீனர், பூஸ்டர் எதையும் போடாதீங்க. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் பண்ணி வேகமான கம்ப்யூட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. ரெண்டு ஆன்டிவைரஸ் சேர்த்துப் போடாதீங்க, விண்டோஸோட கூட வர்ற டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். எஸ்.எஸ்.டி.யைப் பழைய டூல் எதையாவது வெச்சு டீஃப்ராக் பண்ணாதீங்க. கிராக் மென்பொருள் பத்தி அட்வைஸ் பண்ண எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு, ஏன்னா நம்ம ஹாஸ்டல் நமக்குத் தெரியும். ஆனா அப்பா நெட் பேங்கிங் பண்ற கம்ப்யூட்டர்ல அது வேண்டவே வேண்டாம். அது உங்க ரிஸ்க் இல்லை, அவரோட சேமிப்பு.

"விண்டோஸ் 10 முடிஞ்சிடுச்சே?"

நியாயமான கேள்வி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான சாதாரண சப்போர்ட் முடிஞ்சது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் வரை ஒரு நீட்டிப்பு அறிவிச்சாங்க. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேணும். நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற எத்தனையோ மெஷின்கள் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது. ஹார்டுவேர் கெட்டுப்போகாம, ஒரு தேதியால குப்பையாகுது. இதை நாம சும்மா ஏத்துக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல உங்க மெஷின் தகுதியானதான்னு பாருங்க. டி.பி.எம். இருந்தும் பயாஸில் ஆஃப் பண்ணி வெச்சிருக்கலாம். தகுதி இல்லைன்னா லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றை பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாருங்க. பிரவுசிங், யூடியூப், லெட்டர் டைப் பண்றது, பைத்தான், சி ப்ரோகிராமிங் எல்லாத்துக்கும் அது போதும். ஆனா உண்மையையும் சொல்லணும். சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட் அதில் நேரடியா ஓடாது. அப்பா டேலி பயன்படுத்துறார்னா வீட்டு மெஷினை அவரைக் கேக்காம மாத்தாதீங்க. தங்கச்சியோட ஆன்லைன் எக்ஸாம் ஆப் விண்டோஸ்தான் கேக்கும்னா அதையும் யோசிங்க. தேவையைப் பார்த்து முடிவெடுக்கறதுதான் இன்ஜினியரிங்.

அதே நியாயத்தில், புதுசு வாங்குறதே சரியான கேஸும் உண்டு. ரேம் போர்டோடயே பற்றவைக்கப்பட்டு 4 ஜிபியில் நிக்குது, ஸ்லாட்டும் இல்லை. போர்டு நிஜமாவே போச்சு. அல்லது உங்க ப்ராஜெக்ட்டுக்கு நல்ல ஜி.பி.யூ. வேணும். அப்போ தாராளமாக் கேளுங்க. ஆனா அளந்து பார்த்துட்டுக் கேளுங்க. "ஸ்லோவா இருக்குப்பா"ன்னு கேக்கிறதுக்கும் "இந்தக் காரணத்தால இதைச் சரி பண்ண முடியாதுப்பா"ன்னு கேக்கிறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. ரெண்டாவதைச் சொல்ற பிள்ளையைத்தான் அவங்க நாலு வருஷம் படிக்க வெச்சாங்க.

இது காசு விஷயம் மட்டும் இல்லை

கடைக்காரங்க எல்லாரும் ஏமாத்துறாங்கன்னு நான் சொல்லலை. நல்ல மெக்கானிக் ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் நின்னு பார்த்தா, நம்ம லேபில் ஒரு செமஸ்டர்ல கத்துக்காததைக் கத்துக்கலாம். ஆனா ஒரு கம்ப்யூட்டரைக் கடையில் விட்டுட்டு வரும்போது நாம எதை விட்டுட்டு வர்றோம்? வீட்டில் எல்லாரோட ஆதார் ஸ்கேன், பேங்க் பாஸ்வேர்டு சேமிச்ச பிரவுசர், அக்கா தங்கச்சி போட்டோ. குடுக்க வேண்டிய நிலைமை வந்தா, முடிஞ்ச வரை டிஸ்க்கைக் கழட்டிட்டுக் குடுங்க. மாத்தின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிக்கோங்க. பழைய மெஷினை விக்கிறப்போ வெறும் ஃபார்மட் பண்ணினா டேட்டா அழியாது, மீட்டு எடுக்கலாம்ங்கிறதையும் வீட்டில் சொல்லி வைங்க.

வீட்டில் இதையெல்லாம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா, அந்தப் பயம் பாதி குறையும். அந்த ஆள் நாமளா இருக்கலாம். கேட் மார்க்கும் ப்ளேஸ்மென்ட்டும் இல்லாமலே.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க இல்ல? பையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், ஒரு ரப்பர், ஒரு 32 ஜிபி பென் டிரைவ் போட்டுக்கோங்க. முதல் நாள் பேக்கப். இரண்டாம் நாள் டாஸ்க் மேனேஜரோட உட்கார்ந்து அளவு. மூணாம் நாள் தூசி. எஸ்.எஸ்.டி. வாங்கணுமா, ரேம் வாங்கணுமா, ஒண்ணுமே வாங்க வேண்டாமான்னு நாலாம் நாள் உங்களுக்கே தெரிஞ்சிடும்.

ஒரு விஷயம் மறக்காதீங்க. திறக்கும்போது எந்த ஸ்க்ரூ எந்த இடத்தில் இருந்துச்சுன்னு போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. கழட்டுறது யாரும் கழட்டலாம். கடைசியில ஒரு ஸ்க்ரூகூட மிச்சம் இல்லாம மூடணும்.